காலை 7.50க்கு வந்து இறங்குகிறவர்கள் எங்கே போவது? மாணவர் மையத்தை மூடும் முடிவு குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், பதிவாளர் அவர்களுக்கும், பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டின் உறுப்பினர்களுக்கும்,

இந்தக் கல்வியாண்டு முடிந்ததும் மாணவர் மையத்தை மூடிவிட்டு, அந்தக் கட்டடத்தைத் தேர்வுத்துறையின் விடைத்தாள் வைப்பறையாக மாற்றப்போவதாகச் சென்ற வாரம் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. மொத்தம் ஐந்து வரி. போதிய பயன்பாடு இல்லை, ஒழுங்குப் பிரச்சினைகள் எழுகின்றன, தேர்வுத்துறைக்கு இடம் தேவைப்படுகிறது என்று மூன்று காரணங்கள். கடைசி வரி இது: மாணவர்கள் நூலகத்தையும் துறைகளின் கருத்தரங்க அறைகளையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அந்தக் கடைசி வரியை எழுதியவர் காலை எட்டு மணிக்கு ஒருநாளும் இந்த வளாகத்தில் நின்றிருக்க மாட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

2021இல் வரலாற்றுத் துறையில் எம்.ஏ. சேர்ந்தேன். இப்போது அதே துறையில் முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டு. எங்கள் ஊர் இங்கிருந்து 46 கிலோமீட்டர். காலை 6.15 பேருந்தைப் பிடித்து, பேருந்து நிலையத்தில் இறங்கி, வேறு பேருந்து மாறி இங்கே வந்து சேரும்போது மணி 7.50. அடுத்த பேருந்தில் வந்தால் 9.50 ஆகிவிடும், வகுப்பு 9.30க்கு. மாலையில் வகுப்பு 3.30க்கு முடியும். ஊருக்குப் போகிற பேருந்து 5.20க்குத்தான். எம்.ஏ. படித்த இரண்டு வருடமும் தினமும் மூன்றரை மணி நேரம், வகுப்பும் இல்லாமல் வீடும் இல்லாமல் இந்த வளாகத்தில் இருந்திருக்கிறேன். என் ஒருத்தியின் கதை இல்லை இது. அந்த 7.50 பேருந்திலிருந்து தினமும் என்னோடு இறங்குகிறவர்களே முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள். வேறு திசைகளிலிருந்து வருகிற பேருந்துகளும் உண்டு.

நூலகம் திறப்பது 9.30க்கு. துறைக் கட்டடங்களைத் திறப்பது ஒன்பதே காலுக்கு. கருத்தரங்க அறைச் சாவி அலுவலக உதவியாளரிடம் இருக்கும், துறைத்தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாமல் அவர் தர மாட்டார். அது அவர் தவறும் இல்லை. ஆக, நீங்கள் காட்டியிருக்கும் இரண்டு இடங்களும் எங்களுக்குத் தேவையான நேரத்தில் பூட்டியிருக்கும்.

மையம் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் முதல் சில நாட்கள் அப்படித்தான் இருந்தேன். கொரோனா ஊரடங்குக்குப் பிறகு கல்லூரிகள் திறந்த நேரம். யாரையும் தெரியாது. நிர்வாகக் கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்தேன். இங்கே உட்காரக் கூடாது என்று காவலர் எழுப்பிவிட்டார். நூலக வாசலுக்குப் போனேன், அங்கேயும் அதேதான். கடைசியில் வாசலுக்கு வெளியே இருக்கும் நிழற்குடையில் போய் நின்றேன். நவம்பர் மழை. கூரை ஒழுகியது. பையை மடியில் அணைத்துக்கொண்டு, நனைந்த காலோடு ஒன்றரை மணி நேரம். அன்றைக்கு எனக்கு மாதவிடாய் இரண்டாம் நாள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை, படிக்கிற உங்களுக்கும் இருக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். மறுநாள் பொருளியல் துறை அக்கா ஒருவர் அதே நிழற்குடையில் என்னைப் பார்த்துவிட்டு, "இங்க ஏன் நிக்கிற, செண்டருக்கு வா" என்று கூட்டிக்கொண்டு போனார்.

செண்டர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். உங்களில் பலர் உள்ளே வந்து பல வருடம் ஆகியிருக்கும் என்பதால் சொல்கிறேன். கீழே ஒரு பெரிய கூடம், சிமெண்டு மேசைகள், இரண்டு கேரம் போர்டு. ஓரத்தில் மகளிர் சுயஉதவிக் குழுவினர் நடத்திய கேன்டீன்: டீ 10 ரூபாய், எலுமிச்சை சாதம் 25 ரூபாய். வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்தாலும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடலாம், எதையாவது வாங்கினால்தான் உட்காரலாம் என்று அந்த அக்காக்கள் ஒருநாளும் சொன்னதில்லை. பின்பக்கம் பெண்கள் ஓய்வறை: ஒரு கட்டில், கழிப்பறை, நாப்கின் இயந்திரம். மாடியில் தமிழ் மன்றமும் திரைப்படக் குழுவும் கூடுகிற அரங்கு. வாசலில் வேப்பமரத்தைச் சுற்றி ஒரு திண்டு. இவ்வளவுதான் கட்டடம். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்குள் என்னென்ன நடந்தன என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது.

ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என்னோடு அதே ஆண்டு தமிழ்த்துறையில் சேர்ந்த நண்பர் ஒருவர் பார்வை மாற்றுத்திறனாளி. அவருடைய பாடநூல்களில் பாதி பழைய அச்சு. கைபேசிச் செயலியில் படம் எடுத்து வாசிக்கவைத்தால் எழுத்தெல்லாம் குழம்பி வரும். அதனால் தினமும் மாலை நாலு மணிக்கு வேப்பமரத் திண்டில் வந்து உட்காருவார். பேருந்துக்குக் காத்திருக்கிற நாங்கள் இரண்டு மூன்று பேர் மாறி மாறி வாசிப்போம், அவர் பதிவு செய்துகொள்வார். சங்கப் பாடல்களுக்கு உரை என்ற ஒன்றையே நான் முதன்முதலில் ஒழுங்காகப் படித்தது அவருக்காகத்தான். ஓரிடத்தில் நான் தப்பாகச் சீர் பிரித்து வாசித்தால் உடனே கையை உயர்த்துவார். அந்தத் திண்டில் உட்கார்ந்து நான் கற்ற தமிழ் கொஞ்சநஞ்சம் இல்லை.

அப்புறம் தேர்வு வந்தது. அவருக்காகத் தேர்வு எழுத ஆள் வேண்டும். மத்திய சமூகநீதி அமைச்சகம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தர வேண்டும். அதைத் தேர்வுத்துறை சரியாகவே தந்தது. ஆனால் மாணவரே ஆளைக் கூட்டி வந்தால், எழுத வருபவரின் படிப்பு தேர்வு எழுதுபவரின் படிப்பைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல் சொன்னது. எங்கள் துறைகளில் எல்லாரும் முதுகலை. இளங்கலை நிலையில் இருப்பவர்கள் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பின் பிள்ளைகள் மட்டும்தான், அவர்களுடைய கட்டடம் வளாகத்தின் மறுகோடியில் இருக்கிறது. அவர் யாரைப் போய்க் கேட்பார்? எப்படித் தேடுவார்? கேரம் போர்டைச் சுற்றி நின்றவர்களிடம்தான் கேட்டார். முதல் செமஸ்டருக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். நாலாவது செமஸ்டர் வரும்போது ஒரு நோட்டில் பதினோரு பேர் பெயர் இருந்தது. எந்தத் தேதியில் யாருக்கு யார் எழுதுவது என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள், மற்ற மாணவர்களுக்கும் சேர்த்து. நிர்வாகம் ஒரு ரூபாய் செலவு செய்யவில்லை, ஒரு கடிதம் எழுதவில்லை. அந்த நண்பர் எம்.ஏ. முடித்து, பி.எட். முடித்துவிட்டார். அந்த நோட்டு இன்றும் கைமாறிக் கைமாறி இருக்கிறது. இனி அதை எங்கே வைப்பது என்று இந்த வருடத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உதவித்தொகை விண்ணப்பம், முதல் பட்டதாரிச் சான்றிதழ், நெட் தேர்வுப் படிவம் எல்லாவற்றையும் நாங்கள் நிரப்பக் கற்றது அந்த மேசைகளில்தான். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள எங்களில் பலருக்கு ஆள் கிடையாது. இரத்தம் தருகிறவர்களின் பெயர்ப் பட்டியல் அங்கேதான் ஒட்டியிருந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தென் மாவட்டங்கள் மூழ்கியபோது, அரிசியும் போர்வையும் வந்து குவிந்தது அந்தக் கூடத்தில்தான். மூன்று இரவுகள் விடுதி மாணவர்களும் நாங்களும் சேர்ந்து மூட்டை கட்டினோம். லாரியை வழியனுப்ப நிர்வாகத்தின் சார்பில் பலர் வந்து படம் எடுத்துக்கொண்டீர்கள். அன்றைக்குப் பயன்பாடு இல்லை என்று யாருக்கும் தோன்றவில்லை.

சரி, பயன்பாடு குறைந்திருக்கிறதே என்று கேட்பீர்கள். குறைந்திருக்கிறது. எப்படிக் குறைந்தது என்று பாருங்கள். சென்ற ஜூலையில், மாலை 4.30க்கு மேல் மாணவிகள் மையத்தில் இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. பாதுகாப்புக்காம். 4.30க்கு வெளியே போய், 5.20 வரை மெயின் ரோட்டில் நின்றோம். எது பாதுகாப்பு என்று அன்றே எழுதிக் கொடுத்தோம்; இன்றுவரை பதில் இல்லை. அடுத்து, மின்கட்டணத்தைக் காரணம் காட்டிப் பிளக் பாயிண்டுகளைத் துண்டித்தார்கள். ஜனவரியில் சுயஉதவிக் குழுவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அந்த அக்காக்கள் பாத்திரங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனதை நின்று பார்த்தேன். தண்ணீர்க் குழாய் பழுதாகி இரண்டு மாதம் ஆகிறது. டீ இல்லை, தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை, மாலையில் பெண்களுக்கு அனுமதி இல்லை. இவ்வளவும் செய்துவிட்டு ஆள் வரவில்லை என்று எழுதுவது நியாயமா? இதற்குப் பிறகும், சுற்றறிக்கை வந்த மறுநாள் காலை 8.10க்கு நானே உள்ளே போய் எண்ணினேன். 63 பேர் இருந்தார்கள். அதில் 41 பேர் பெண்கள்.

அந்த 4.30 உத்தரவைப் பற்றி, வரலாறு படிப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஹார்ட் ஹவுஸ் என்று ஒரு மாணவர் மையம் இருக்கிறது. 1919இல் திறந்தது. நூலகம், நாடக அரங்கு, உணவுக்கூடம், உடற்பயிற்சிக் கூடம் என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஆனால் ஆண்களுக்கு மட்டும். 1957இல் ஜான் கென்னடி, அமெரிக்க அதிபர் ஆவதற்கு முன்பு, அங்கே ஒரு விவாதத்துக்கு வந்தபோது, உள்ளே விடப்படாத மாணவிகள் வெளியே நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். 1972இல்தான் அந்தக் கதவு பெண்களுக்கு முழுமையாகத் திறந்தது. 53 வருடம் அதே பல்கலைக்கழகத்தில் படித்த பெண்கள் அந்த வாசலைத் தாண்டி நடந்து போயிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஏதோ தூர தேசத்துப் பழங்கதையாகத் தோன்றவில்லை. மணி 4.30 ஆனதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்த எங்கள் மேசை நினைவுக்கு வந்தது.

ஒழுங்குப் பிரச்சினை உண்டா? உண்டு, மறைக்கவில்லை. பிறந்தநாள் என்று கேக்கை எடுத்துச் சுவரெல்லாம் பூசியிருக்கிறார்கள். சென்ற ஆண்டு கைப்பந்துப் போட்டி முடிந்த அன்று இரண்டு துறை மாணவர்களுக்குள் அடிதடி நடந்தது, ஒருவருக்கு மண்டையில் தையல் போட வேண்டியிருந்தது. தப்புதான். தப்புச் செய்தவர்கள் மேல் நடவடிக்கை எடுத்தீர்கள், நாங்கள் யாரும் அதைக் குறை சொல்லவில்லை. விடுதியிலும் சண்டை நடக்கிறது. அதற்காக விடுதியைப் பூட்டுவதில்லை. மையத்துக்கென்று ஒரு பொறுப்பாளர் இருந்தார், ஓய்வு பெற்றார், அந்த இடத்தை நிரப்பவில்லை. அங்கிருந்துதான் பிரச்சினை தொடங்கியது என்பது என் எண்ணம்.

தேர்வுத்துறைக்கு இடம் வேண்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை. விடைத்தாள் கட்டுகள் வராந்தாவில் அடுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் எழுத்துதான் அது, நனைவதும் தொலைவதும் எங்களுக்குத்தான் நஷ்டம். ஆனால் தொலைநிலைக் கல்விப் பிரிவின் பழைய கட்டடத்தில் முதல் மாடி மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. பூட்டிய அறை, ஆள் நடமாட்டம் குறைவு, தேர்வுத்துறைக்குப் பக்கத்துக் கட்டடம். விடைத்தாளுக்கு வேண்டியது அதுதானே? அதைப் பரிசீலித்தீர்களா, பரிசீலித்து வேண்டாமென்றால் ஏன் என்று சுற்றறிக்கையில் ஒரு வார்த்தை இல்லை.

வீட்டிலிருந்து வந்து படிக்கிறவர்களுக்கு வளாகத்தில் ஓர் இடம் வேண்டும் என்பது எங்கள் புதுக் கோரிக்கை இல்லை. 1966இல் கோத்தாரி கல்விக் குழு தன் அறிக்கையில், விடுதியில் தங்காத மாணவர்களுக்குப் பகல்நேரப் படிப்பு மையங்களும், குறைந்த விலையில் சாப்பாடு கிடைக்கும் உணவகங்களும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. மாணவர் நலனுக்கென்றே முழுநேர டீன் ஒருவர் வேண்டும் என்றும் சொன்னது. அறுபது வருடம் ஆகிவிட்டது. இடையில் இந்த மாநிலம் எவ்வளவோ தூரம் வந்திருக்கிறது. 2021–22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டுக்கே சேர்த்துப் பார்த்தால் 28.4தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நான் இங்கே சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மாறும் பேருந்துக்கு டிக்கெட் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அப்பா சரி என்றார். 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வாங்கி இளங்கலை முடித்த தங்கைகள் இப்போது எங்கள் துறைகளுக்கு முதுகலைக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். அரசாங்கம் அவர்களைப் பேருந்தில் ஏற்றி உங்கள் வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது. அதற்குப் பிறகு அவர்களை ஒழுகும் நிழற்குடையில் நிறுத்துவதா?

பல்கலைக்கழகங்களுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு ஆய்வுக்கு வந்தபோது இதே மையத்துக்கு வெள்ளையடித்தீர்கள். பாலினச் சமத்துவம் பற்றிய பகுதியில் பெண்களுக்கான பொது அறை இருக்கிறதா என்ற கேள்வி உண்டு. அந்தக் கேள்விக்குக் காட்டிய படத்தில் இருப்பது எங்கள் ஓய்வறைதான். அடுத்த முறை எதைக் காட்டுவீர்கள்?

எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது, முடிவெடுப்பதற்கு முன் எங்களில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை என்பது. கேட்க ஆள் இல்லை என்பீர்கள், ஏனென்றால் இங்கே மாணவர் பேரவைத் தேர்தல் நடந்து பல வருடம் ஆகிறது. மாணவர் தேர்தல்களை எப்படி நடத்துவது என்று ஆராய்ந்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்த உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பரில் ஆணையிட்டது. கல்வியாண்டு தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பது அதில் ஒன்று. தேர்தலும் இல்லை, நியமனப் பிரதிநிதியும் இல்லை. ஆனால் மாணவர் நலக் கட்டணம் மட்டும் ஒவ்வொரு செமஸ்டரும் தவறாமல் வாங்கப்படுகிறது. 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஒரு முடிவால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு அதன் காரணங்களைப் பொது அமைப்பே முன்வந்து தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஐந்து வரிச் சுற்றறிக்கை அந்தக் கடமையை நிறைவேற்றாது.

எனவே நாங்கள் கேட்பது இவை.

முதலில், அந்தச் சுற்றறிக்கையை நிறுத்தி வையுங்கள். அடுத்த சிண்டிகேட் கூட்டத்தில் இதைப் பொருளாக வைத்து, அதற்கு முன் டே ஸ்காலர், விடுதி மாணவர், மாற்றுத்திறனாளி மாணவர், ஆய்வு மாணவர் எல்லாரிலும் சிலரை அழைத்துப் பேசுங்கள். பாதிப்பேராவது பெண்களாக இருக்கட்டும். தொலைநிலைக் கல்விப் பிரிவின் பழைய மாடியை விடைத்தாள் வைப்பறைக்காகப் பொறியியல் பிரிவை விட்டு ஆய்வு செய்யச் சொல்லி, அந்த அறிக்கையை எங்களுக்கும் காட்டுங்கள்.

மாணவிகளுக்கான 4.30 உத்தரவைத் திரும்பப் பெறுங்கள். கடைசிப் பேருந்து போகும்வரை, மாலை 6.30 வரை, மையம் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். பாதுகாப்புப் பற்றிக் கவலை இருந்தால் வாசலில் ஒரு பெண் காவலரைப் போடுங்கள், வேப்பமரத்தடியில் விளக்குப் போடுங்கள். காலியாக இருக்கும் பொறுப்பாளர் பணியிடத்தை நிரப்புங்கள்.

கேன்டீனை மறுபடி மகளிர் சுயஉதவிக் குழுவுக்கே கொடுங்கள். முன்பு நடத்திய அந்த அக்காக்களுக்கு முதல் வாய்ப்புத் தாருங்கள். தண்ணீர்க் குழாயையும் மின் இணைப்பையும் சரிசெய்ய ஒரு வாரம் போதும். கடந்த ஐந்தாண்டில் மாணவர் நலக் கட்டணமாக எவ்வளவு வந்தது, மையத்துக்கு எவ்வளவு செலவானது என்ற கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வருகிற கல்வியாண்டில் பேரவைத் தேர்தலுக்குத் தேதி அறிவியுங்கள்.

இவற்றுக்கு ஏப்ரல் 30க்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டுகிறோம். பதில் வரும்வரை, காலை 7.30க்கு அந்தக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். சாவி வாசல் காவலர் அறையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
வரலாற்றுத் துறை ஆய்வு மாணவி,
7.50 பேருந்தில் வருகிறவர்களின் சார்பில்